மிளகு போன வழி – 4: பீப்பாய்க்குள் மாவு, பானைக்குள் மாவு

போன வாரம் உங்களை ஒரு மரப்பீப்பாய்க்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டன் நகருக்கு வடகிழக்கே இருக்கும் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூர். பீப்பாய்க்குள் பிசைந்து மூடி வைத்த மாவு. வாரக்கணக்கில் கிடக்கும், சில சமயம் மாதக்கணக்கில். கிறிஸ்துமஸ் பலகாரம் சுடும் காலம் வந்தால்தான் மூடியைத் திறப்பார்கள். அத்தனை நாள் கிடந்த மாவு கெட்டுப்போகாதா? இந்தக் கேள்வியோடுதான் பிரிந்தோம்.

பதிலுக்காக ஜெர்மனி வரைக்கும் போக வேண்டாம். சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கினால் போதும்.

தருமபுரி மாவட்டத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்களில் ஒன்று பொம்மிடிப் பக்கத்து பி.பள்ளிப்பட்டி. லூர்து மாதா கோயில் உள்ள ஊர். டிசம்பர் இரண்டாம் வாரம் அந்தப் பக்கத்து வீடு ஒன்றின் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். மூலையில் ஒரு மண்பானை, வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வீட்டுப் பெரியம்மா துணியை அவிழ்த்து, விரலால் ஓரமாகத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். பழுப்பு நிற மாவு, மேலே நெய் பூசிய பளபளப்பு. பானையைத் திறந்ததும் ஏலக்காய்க்கு முன்னால் சுக்கு வாசனைதான் மூக்கில் ஏறியது.

"நாலு நாளாச்சு கண்ணு. இன்னும் ரெண்டு நாள் போவட்டும். அவசரப்பட்டா எண்ணெயில பிரிஞ்சிடும்" என்று சொல்லி மறுபடியும் துணியைக் கட்டினார்.

அதிரச மாவு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஆறவிட்டு, கையில் பிடித்தால் பிடி நிற்கிற ஈரத்தோடு இடித்துச் சலித்த மாவு. வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது கரையாமல் விரலில் உருண்டு வரும்போது இறக்கி, சூட்டோடு மாவில் ஊற்றிக் கிண்டியது. சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டிருந்தார். முட்டையோ பாலோ கிடையாது. மேலே காயாமல் இருக்கப் பூசிய நெய்யைத் தவிர மாவுக்குள் கொழுப்பும் கிடையாது.

இப்போது புல்ஸ்னிட்ஸ் பீப்பாய்க்குத் திரும்பி வாருங்கள். அந்த ஊர் ரொட்டிக்காரர்களுக்கு இந்தப் பலகாரம் சுடும் உரிமை 1558இல் கிடைத்தது. மாவுக்குள் என்ன? கோதுமை அல்லது ரை மாவு. சூடாக்கிய தேன் அல்லது சர்க்கரைப்பாகு. முட்டை, பால், வெண்ணெய் எதுவும் சேர்ப்பதில்லை. பாகை மாவில் ஊற்றிக் கிளறி, பிறகு காத்திருப்பார்கள். பட்டை, கிராம்பு, ஏலம், இஞ்சி எல்லாம் சுடுவதற்கு முன் சேரும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருவர் முகம் ஒருவர் பார்த்திராத இரண்டு அடுப்படிகள். பாகு, மாவு, காத்திருப்பு என்ற ஒரே கணக்கில் இரண்டும் வேலை செய்கின்றன.

கெட்டுப்போகாததற்குக் காரணம் பாகின் அடர்த்தி. வெல்லமோ தேனோ அந்த அளவுக்கு இருக்கும்போது மாவிலுள்ள தண்ணீரை அது தன் பிடியில் வைத்துக்கொள்கிறது. கிருமிக்கும் பூஞ்சைக்கும் குடிக்கத் தண்ணீர் மிஞ்சுவதில்லை. ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையை இங்கே இனிப்பு செய்கிறது. காத்திருக்கும் நாட்களில் மாவு பாகை மெல்ல உறிஞ்சி இளகுகிறது. லேசாகப் புளிப்பும் ஏறுகிறது. அந்தப் புளிப்பை ஜெர்மானியர்கள் இன்னொரு வேலைக்கும் வாங்கினார்கள். மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாஷ் உப்பைச் சுடும் நேரத்தில் சேர்ப்பார்கள். புளிப்பும் அதுவும் சேர்ந்து காற்றுக் குமிழி விடும், பலகாரம் உப்பும். கூடவே 'மான்கொம்பு உப்பு' என்று ஒன்று. பழைய காலத்தில் உண்மையிலேயே மான்கொம்பைக் காய்ச்சி எடுத்தது. இன்று அது தொழிற்சாலையில் வரும் அம்மோனியம் கார்பனேட். நம் ஊர் பேக்கரிகளில் பிஸ்கட் மாவில் கொஞ்சம் 'அமோனியா' போடுவார்களே, அதன் கூடப்பிறந்ததுதான்.

அந்தப் பலகாரத்தின் பெயரை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். 'பெஃபர்கூஹன்'. நேராகச் சொன்னால் மிளகு கேக்.

ஆனால் இன்று நீங்கள் புல்ஸ்னிட்ஸில் வாங்கும் பொட்டலத்தில் மிளகு பெரும்பாலும் இருக்காது. பிறகு ஏன் அந்தப் பெயர்?

*

கடல் கடந்து வந்த எல்லாக் கார வாசனைப் பொருளுக்கும் அன்றைய ஜெர்மானியர் வைத்த பொதுப்பெயர் 'மிளகு'. பட்டையும் மிளகுதான், கிராம்பும் மிளகுதான். நம் மொழி இதையே திருப்பிச் செய்திருக்கிறது. போர்ச்சுகீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த புதிய காய் நம் சமையலறைக்குள் நுழைந்தபோது அதற்கு என்ன பெயர் வைத்தோம்? மிளகு போலக் காரமான காய், மிளகாய். தெரிந்த காரத்தின் பெயரைத் தெரியாத காரத்துக்குக் கொடுப்பது அடுப்படியின் இயல்பு.

இஞ்சியின் கதை இன்னும் நெருக்கமானது. ஆங்கிலேயர் 'ஜிஞ்சர்பிரெட்' என்கிறார்கள், ஜெர்மானியர் இஞ்சியை 'இங்வர்' என்கிறார்கள். அந்தச் சொற்களின் வேரைத் தோண்டிய மொழியியலாளர்கள் கிரேக்கம், பாலி எல்லாம் கடந்து வந்து நிற்கும் இடம் ஒரு திராவிடச் சொல், இஞ்சிவேர். உலகம் முழுக்கக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் அந்த மனித வடிவ பிஸ்கட்டின் பெயரில் நம் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் இது.

நியூரம்பெர்க் நகரில் இதன் மூத்த உறவான 'லெப்கூஹன்' 1395ஆம் ஆண்டிலேயே ஆவணத்தில் வருகிறது. ஊரைச் சுற்றிய காட்டில் தேன் எடுப்பவர்கள் இருந்தார்கள், வெனிஸிலிருந்து வந்த மசாலாச் சரக்கு அந்த ஊர் வழியாகப் போனது. இரண்டும் கூடிய இடத்தில் பலகாரம் பிறந்தது. 1643இல் அதைச் சுடுவோருக்கெனத் தனிச் சங்கமே உண்டானது. 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் 'நியூரம்பெர்க் லெப்கூஹன்' என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பும் கொடுத்தது.

நாம் நியூரம்பெர்க்கில் தங்கப் போவதில்லை. புல்ஸ்னிட்ஸில் ஒரு குழந்தை நமக்காகக் காத்திருக்கிறது.

*

1682. பெஃபர்கூஹன் உரிமை கிடைத்து நூற்று இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரில் ஒரு தானிய வியாபாரி வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. உடம்பு வலுவில்லாத பிள்ளை. சிறு வயதிலேயே தாயை இழந்தவன், தந்தையையும் இழந்தவன். டிசம்பர் வந்தால் மசாலா மணக்கும் ஊரில் வளர்ந்தான். அந்த மணம் எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கு இருபத்து மூன்றாவது வயதில் கப்பல் ஏறினான்.

1706 ஜூலை 9. டென்மார்க்கின் கப்பலொன்று தரங்கம்பாடிக்கு முன்னே நங்கூரம் போட்டது. இறங்கிய இளைஞரின் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

ஆம், அதே சீகன்பால்கு. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ' எழுதிப் பழகியவர். தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, அச்சகம் வரவழைத்து, 1715க்குள் அச்சிட்டு முடித்தவர். 1718இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் கோயில் எழுந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறு வயதில் அவர் காலமானார். அந்தக் கோயிலுக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

நம் பாடப்புத்தகங்கள் அவருடைய அச்சகத்தைச் சொல்கின்றன. அவர் மிளகு கேக் ஊரின் பிள்ளை என்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. மிளகு இங்கிருந்து போய் அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அந்த ஊர் தன் பிள்ளை ஒருவனை இங்கே அனுப்பியது. அவன் நம் எழுத்தை ஈயத்தில் வார்த்தான். கணக்கு நேராகிவிட்டது என்றே சொல்வேன்.

*

சீகன்பால்கு கரை இறங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே இந்தக் கடற்கரையில் இன்னொரு கூட்டம் பலகாரத்தோடு வந்து இறங்கியிருந்தது. டச்சுக்காரர்கள். 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658இல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயின. அவர்களுடைய உண்மையான குறி இலங்கைப் பட்டை. அதை வைத்திருந்தவர்கள் ஐரோப்பாவில் விலையை வைத்தார்கள். பட்டை, கிராம்பு, சாதிக்காய் போட்டு, மர அச்சில் அழுத்தி எடுத்துச் சுடும் 'ஸ்பெகுலாஸ்' என்ற மெல்லிய பிஸ்கட் அவர்கள் நாட்டில் டிசம்பர் மாதப் பலகாரம்.

டச்சு மொழியில் சின்னக் கேக்குக்குப் பெயர் 'கூக்யே'. அமெரிக்கா போய் அது 'குக்கி' ஆனது. இலங்கை வந்து 'கொக்கிஸ்' ஆனது. கொக்கிஸ் எது என்று கேட்கிறீர்களா? நம் அச்சு முறுக்கின் இலங்கைத் தங்கை. பூப்போன்ற இரும்பு அச்சை எண்ணெயில் காயவைத்து, அரிசி மாவுக் கரைசலில் முக்கால் பாகம் நனைத்து, மறுபடி எண்ணெயில் ஆட்டி உதறுகிறோமே, அதுதான். அச்சின் விளிம்புக்கு மேல் மாவு ஏறிவிட்டால் முறுக்கு கழலாது. இதைக் கையைச் சுட்டுக்கொள்ளாமல் கற்றவர் யாரும் இருக்க முடியாது.

இங்கே ஒரு கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. ஐரோப்பாவில் எல்லாவற்றையும் சுடுகிறார்கள். இங்கே அச்சு முறுக்கு, அதிரசம், கல்கல், முந்திரிக்கொத்து எல்லாம் எண்ணெயில் விழுகின்றன. ஏன்?

விடை அடுப்பில் இருக்கிறது. சுற்றிலும் செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே விறகெரித்து, அந்தச் சூட்டைப் பூட்டி வைக்கும் ரொட்டி அடுப்பு ஐரோப்பியக் கிராமத்தில் ஊர்ப் பொதுச் சொத்தாகக்கூட இருந்தது. நம் வீட்டில் இருந்தது மேலே திறந்த மண் அடுப்பு. அதன் மேல் ஏற்ற முடிந்தது வாணலி. ஆகவே கிறிஸ்துமஸ் இங்கே வந்தபோது வாணலிக்குள் வந்தது. வடிவம் அங்கிருந்து வந்திருக்கலாம், சுவை உள்ளூரின் எள்ளும் தேங்காய்ப்பாலும் ஏலமும். அதிரசமோ அதற்கு முன்பே இங்கே இருந்தது. திருப்பதிக் கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளிலேயே 'அதிரசப்படி' வருகிறது. பெருமாளுக்குப் படைத்த பலகாரம் பாலன் இயேசுவின் பிறப்புக்கும் சுடப்படுகிறது. பொம்மிடிப் பெரியம்மாவுக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை. "நல்ல நாளுன்னா அதிரசம்தான கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

*

இப்போது இனிப்புக்கு வருவோம். மிளகு மேற்குக் கரையுடையது, பட்டை இலங்கையுடையது. தருமபுரியின் பங்கு என்ன?

பங்கு உண்டு, பெரிய பங்கு. தருமபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அதியமான் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி. அதே ஔவையார் புறநானூற்றில் இன்னொரு செய்தியும் சொல்கிறார். கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள். இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா என்று அறிஞர்கள் பேசட்டும். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கரும்பின் பெருமையைத் தகடூர்க் குடும்பத்தோடு சேர்த்துப் பேசியிருக்கிறார்கள் என்பது உறுதி. இன்றும் கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பொங்கல் நெருங்கினால் ஆலையில் பாகு கொதிக்கும் வாசனை சாலை வரை வரும். பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது.

வெல்லம் ஒன்று. கேழ்வரகு இன்னொன்று. களியாகவும் கூழாகவும் இந்த மாவட்டத்தை வளர்த்த தானியம். சித்தேரி மலையிலும் பென்னாகரம் பக்கமும் சாமையும் உண்டு. நடுவில் ஒரு தலைமுறை கேழ்வரகை ஏழ்மையின் அடையாளம் என்று ஒதுக்கியது. ரேஷன் அரிசி வந்தது, களிக்கட்டை தட்டிலிருந்து விலகியது. 2023இல் சக்கரம் திரும்பியது. நீலகிரியோடு தருமபுரி மாவட்டத்து ரேஷன் கடைகளிலும் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. உலகம் முழுக்கச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும் அதே 2023தான்.

அந்தத் திருப்பத்தின் தொடர்ச்சியை தருமபுரி நகரில் ஒரு சின்ன பேக்கரியின் பின்கட்டில் பார்த்தேன். டிசம்பர் மாதம். தட்டில் வரிசையாகக் கருஞ்சிவப்பு வட்டங்கள். கேழ்வரகு, கோதுமை, நாட்டு வெல்லம். சுக்கு, பட்டை, கிராம்பு, ஏலம், கடைசியாக ஒரு சிட்டிகை மிளகுத்தூள். கடைக்கார இளைஞருக்குப் புல்ஸ்னிட்ஸ் என்ற பெயரே தெரியாது. "சுக்குக் காப்பிப் பொடியத்தான் அண்ணா மாவுல போட்டேன்" என்றார். அந்த ஊர் நூற்றாண்டுகளாகச் சுடும் பலகாரத்துக்கு அவர் தன் வீட்டுச் சுக்குக் காப்பி வழியாகவே வந்து சேர்ந்திருந்தார்!

அவர் பட்ட பாடும் சொல்ல வேண்டியதுதான். கோதுமையில் மாவை இழுத்துப் பிடிக்கும் பசை இருக்கிறது, கேழ்வரகில் அது இல்லை. கேழ்வரகு மட்டும் போட்டுச் சுட்டால் எடுக்கும்போதே மணலாக உதிரும். முதல் ஆறு தட்டு வீணாயிற்று என்றார். பிறகு இரண்டு பங்கு கோதுமைக்கு ஒரு பங்கு கேழ்வரகு என்று நிறுத்தியிருக்கிறார். கேழ்வரகு மாவைப் பச்சை வாசனை போக வறுத்துக்கொள்கிறார். வெல்லத்தைத் தூளாகப் போடாமல் பாகாகக் காய்ச்சி ஊற்றி, மாவை ஒரு இரவு மூடி வைக்கிறார்.

"ஏன் மூடி வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அம்மா அதிரசத்துக்கு அப்படித்தானே அண்ணா வைப்பாங்க."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பீப்பாயும் பானையும் அந்த ஒரு பதிலில் சேர்ந்துவிட்டன.

சுட்டெடுத்த அன்று அந்த பிஸ்கட் கடிக்கக் கொஞ்சம் கடினமாக இருக்கும். டப்பாவில் அடைத்து மூன்று நாள் விட்டால் இளகி வரும். வெல்லமும் தேனைப் போலக் காற்றின் ஈரத்தை மெல்ல உள்ளே இழுப்பதுதான் காரணம். லெப்கூஹனையும் டப்பாவில் வைத்து இளகவிட்டுத்தான் தின்பார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு நல்லது. ஆனாலும் அது இனிப்புப் பலகாரம்தான். 'சிறுதானியம்' என்று அட்டையில் அச்சடித்துவிட்டுச் சர்க்கரையும் டால்டாவும் பாதிக்கு மேல் போட்டு விற்பவர்களை நம்ப வேண்டாம். அட்டையைத் திருப்பி, மாவு வரிசையில் கேழ்வரகு எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

புதுமை அங்கேயும் நடக்கிறது. ஜெர்மனியில் 'எலிசென்' என்று ஒரு வகை உண்டு. அதில் மாவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பருப்பு இருபத்தைந்து சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சாக்லேட் பூசியதும் உண்டு, பழக்கூழ் நிரப்பியதும் உண்டு. ருசியில் அவற்றோடு போட்டி போட தருமபுரி பிஸ்கட்டுக்குத் தகுதி இருக்கிறது என்பது என் தீர்ப்பு. அந்த மிளகு ஒரு சிட்டிகை கூடுதலாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அவரிடமே சொன்னேன்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அதிரசப் பாகின் பதம் தெரிந்த ஒருவர் இருந்தால், இந்த வாரமே அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். எத்தனை டம்ளர் மாவுக்கு எவ்வளவு வெல்லம், எத்தனை நாள் பானையில் என்று எழுதி வாங்குங்கள். சர்ச்சுக்குப் போகும் வீடானாலும் கோயிலுக்குப் போகும் வீடானாலும் வாங்குங்கள். அது விரலில் மட்டும் இருக்கும் அறிவு.

இனி மீதமிருப்பது அடுப்பு. தருமபுரி இளைஞரின் பின்கட்டில் நான் பார்த்த அந்த மூடிய சூடு, நம் தெருக்களுக்கு எப்படி வந்தது? அதற்குத் தலச்சேரிக்குப் போக வேண்டும். அங்கே 1880இல் மாம்பள்ளி பாபு என்பவர் பர்மாவில் கற்ற தொழிலோடு ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கியிருந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1883இல், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் அந்தக் கடை வாசலில் வந்து நின்றார். கையில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பொட்டலம். அதைப் பிரித்து, ஒரு துண்டை பாபுவின் கையில் கொடுத்து, "இதைப் போலச் செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

பாபு அதுவரை அப்படி ஒன்றைச் சுட்டதே இல்லை. அவருக்கு அதற்கான அச்சைச் செய்து கொடுத்தது ஒரு கொல்லர்.

(அடுத்த வாரம்: தலச்சேரி)